கடை வாசலில் அலாரம் அடித்தால் காரணம் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி இல்லை

டெக்சாஸில் லைசென்ஸ் எடுத்து, சட்டைக்குள் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பிக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது சுடுவதைப் பற்றி இல்லை. "கடை வாசல்ல ரெண்டு பக்கமும் தூண் மாதிரி நிக்குதே, அது நடுவுல போனா கத்தாதாண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். துப்பாக்கிக்காக அது கத்தாது. ஆனால் நீங்கள் துப்பாக்கியோடு போகும் நாளில் அது கத்தக்கூடும், காரணம் உங்கள் மேல் இருக்கும் வேறு ஏதோ ஒரு பொருள். இந்த வித்தியாசம் தெரியாதவர் வாசலில் தடுமாறுகிறார், தடுமாறும்போது கை தானாக இடுப்புக்குப் போகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நம் ஊரில் மால், பெரிய ஓட்டல், தியேட்டர் என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு மெட்டல் டிடெக்டர், பக்கத்தில் கையில் கருவியோடு ஒரு செக்யூரிட்டி. சென்னை மெட்ரோவிலும் அப்படித்தான் உள்ளே போகிறோம். சாவிக்கொத்துக்கே பீப் அடிக்கும். அங்கே பழகிய கண்ணுக்கு அமெரிக்கக் கடை வாசலில் நிற்பதும் அதே ரகமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரும்புத் தள்ளுவண்டி நிறையச் சாமானோடு, பாக்கெட்டில் சாவி, போன், சில்லறை, இடுப்பில் பெல்ட் பக்கிள் எல்லாவற்றோடும் மக்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உலோகத்துக்குக் கத்துவதாக இருந்தால் காலையில் கடை திறந்ததிலிருந்து அது ஓயவே ஓயாது.

அது தேடுவது திருட்டைத் தடுக்கக் கடைப் பொருள்களில் ஒட்டிவைக்கும் தன்னுடைய டேக்கை மட்டும்தான். 1960களில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரனில் மளிகைக் கடை மேலாளராக இருந்த ரொனால்ட் அசாஃப் என்பவர் திருட்டுத் தொல்லை பொறுக்காமல் இந்த வழியில் இறங்கித் தொடங்கியதுதான் சென்சார்மேட்டிக் நிறுவனம். இன்றைக்கும் பல கடைத் தூண்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அமெரிக்கக் கடைகளில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. முதல் முறையில் தூண் 58 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சின்னச் சின்னத் துடிப்புகளாகக் காந்த அலையை அனுப்பும், ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் கவனிக்கும். டேக்குக்குள் இருக்கும் ஒருவகை உலோகத் தகடு அந்த அலைவரிசைக்கென்றே வெட்டப்பட்டது, அலை பட்டதும் அதிர ஆரம்பிக்கும். கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் ஓசை கொஞ்ச நேரம் நிற்குமே, அதுபோல அந்த அதிர்வு நிற்கும். தூண் கேட்பது அந்த மிச்சத்தைத்தான். துப்பாக்கியின் மேல்பாகமான எஃகு ஸ்லைடு அப்படி 58 கிலோஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டு நிற்கும் பொருள் இல்லை. அதனால் தூணைப் பொறுத்தவரை துப்பாக்கி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

இரண்டாவது முறை ரேடியோ அலை, 8.2 மெகாஹெர்ட்ஸ். செக்பாயிண்ட் என்ற பெயர் போட்ட தூண்கள் பெரும்பாலும் இந்த வகை. இதன் டேக் சதுரமான காகித ஸ்டிக்கர். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அலுமினியச் சுருள் கோலம் போட்டதுபோலத் தெரியும், பல சமயம் அதன்மேல் பார்கோடு அச்சடித்திருப்பார்கள். சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அந்த ஒரு அலைவரிசைக்கு மட்டும் பதில் கொடுக்கும். நூலகங்களில் புத்தக முதுகுக்குள் ஒட்டும் மெல்லிய காந்த இழை தனி வகை. இப்போது துணிக்கடைகளில் பரவியிருக்கும் ஆர்எஃப்ஐடி இன்னொரு வகை, அது சிப்பில் இருக்கும் எண்ணைப் படிக்கும். இதில் எதுவுமே துப்பாக்கியைத் தேடுவதற்காகச் செய்தது இல்லை.

சரி, அப்படியென்றால் எனக்கு ஏன் அடித்தது?

டாலஸுக்கு வடக்கே பிளேனோ பக்கம் இருக்கிறேன். ஒரு பெரிய கடையில் நான் உள்ளே நுழையும்போதே அலாரம் அடித்தது. திரும்ப வெளியே வரும்போதும் அடித்தது. அதே துப்பாக்கி, அதை இடுப்பில் வைக்கும் அதே ஹோல்ஸ்டர் உறை, அதே பெல்ட்டோடு பக்கத்தில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போனால் சத்தமே இல்லை. இது முக்கியமான தடயம். உள்ளே போகும்போதே அடித்தால் அந்தக் கடைப் பொருள் காரணம் இல்லை, நீங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்த ஏதோ ஒன்று. ஒரு கடையில் அடித்து இன்னொன்றில் அடிக்காவிட்டால் முதல் கடையில் இருக்கும் முறைக்குப் பொருந்தும் டேக் ஒன்று உங்கள் உடம்பில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

மறுபடி போனபோது துப்பாக்கியை வீட்டில் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போனேன். இது கட்டாயம். இந்தச் சோதனையைத் துப்பாக்கியோடு செய்யவே கூடாது. பார்க்கிங்கில் உட்கார்ந்து கழற்றி மாட்டி, திரும்ப நடந்து பார்த்து, மறுபடி மாட்டி என்று செய்தால் கை தவறிக் குண்டு வெடிக்க வாய்ப்பு, பக்கத்துக் காரில் இருப்பவர் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட வாய்ப்பு. காரில் விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம், காரிலிருந்து துப்பாக்கி திருடுபோவது இங்கே அடிக்கடி நடக்கிறது. வீட்டில் பூட்டுங்கள், வெறும் ஆளாகப் போங்கள்.

வெறும் ஆளாகப் போனேன். அலாரம் அடித்தது. அந்த நிமிடத்தில் மனசில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது, ஏனென்றால் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, சத்தம் இங்கே வருகிறது.

வார நாள் காலை, கூட்டம் இல்லை. வாசலில் ரசீது பார்க்கும் வயதான அம்மாவிடம் போய், நான் போட்டிருக்கும் ஏதோ ஒன்றில் டேக் இருக்கிறது போல, கண்டுபிடிக்க உதவமுடியுமா என்று கேட்டேன். அவருக்கு இதெல்லாம் தினமும் பார்க்கும் சங்கதி. "பர்ஸ், இல்லைன்னா பெல்ட், இல்லைன்னா ஷூ. இந்த மூணைத் தாண்டிப் போகாது" என்றார். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, அவரே கையில் பிடித்துத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பர்ஸ் பேசவில்லை. ஷூ பேசவில்லை. பெல்ட்டைக் கொண்டுபோனதும் அலறியது.

அது சாதாரண பெல்ட் இல்லை. துப்பாக்கியின் கனத்தில் பேன்ட் தொங்காமல் இருக்க இரண்டு அடுக்குத் தோலை ஒட்டித் தைத்து விறைப்பாகச் செய்த பெல்ட். பக்கிளைச் சுற்றித் தோல் மடங்கி இரண்டு பித்தளைப் பொத்தானில் மாட்டும் இடத்தில், மடிப்புக்குள்ளே, விரல் நுழையாத சந்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தது. நாலரை சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், மேலே எதற்கும் உதவாத பொய்ப் பார்கோடு. பொத்தானைக் கழற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுத்தோம். காதுகிட்ட வைத்து ஆட்டினால் உள்ளே தகடு மெல்ல டிக்டிக் என்று அசைவது கேட்டது. அந்தப் பெல்ட்டை நான் வாங்கியது வேறு கடையில். அங்கே இருந்தது ரேடியோ முறை. தயாரிப்பவர் தொழிற்சாலையிலேயே 58 கிலோஹெர்ட்ஸ் பட்டையை உள்ளே வைத்து அனுப்பிவிட்டார், விற்ற கடையின் கவுண்டரில் அதைச் செயலிழக்க வைக்கும் கருவியே கிடையாது. அதனால் விலை கொடுத்து, ரசீது வாங்கி, சட்டப்படி என்னுடையதான பொருள் அந்த முறை இருக்கிற கடையெல்லாம் என்னைத் திருடனாகக் காட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை டேக் மாசு என்கிறார்கள்.

நாம் கவனிக்கவேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி அலாரத்தை அடிக்க வைக்காது, ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர் மற்றவர்களைவிட அலாரம் அடிக்க வாய்ப்பான பொருள்களை அதிகமாகச் சுமக்கிறார். விறைப்பான பெல்ட், தோல் ஹோல்ஸ்டர், சின்ன டார்ச், மடக்குக் கத்தி, தோட்டா அடைத்த மாற்று மேகசீனுக்கு உறை, ஹோல்ஸ்டரை மறைக்க வாங்கிய தளர்வான சட்டை, பூட்ஸ். இதெல்லாம் சின்னதாக, விலை கூடுதலாக, சுலபமாகத் திருடக்கூடியதாக இருக்கும் சாமான், அதனால் கடைக்காரர் டேக் வைக்கிற வரிசையில் முன்னால் நிற்கும். ஹோல்ஸ்டர் வாங்கினால் உள்பக்க மடிப்பு, கிளிப்புக்கு அடியில், உறையின் அடி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பூட்ஸில் உள்ளே போடும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். பர்ஸில் அட்டை வைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு ரகசிய அறை இருக்கும், அங்கே நிச்சயம் பாருங்கள். சட்டை, ஜாக்கெட்டில் பக்கவாட்டுத் தையலோடு வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று தொங்கும், கத்தரிக்கோல் படம் போட்டு, துவைக்கும் முன் வெட்டிவிடவும் என்று எழுதியிருக்கும். பலர் துணி எந்த ரகம் என்று சொல்லும் லேபிள் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதற்குள் இருப்பது டேக்தான், வெட்டி எறியுங்கள்.

செயலிழந்த டேக் மறுபடி உயிர் பெறுவதும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. 58 கிலோஹெர்ட்ஸ் பட்டைக்குள் அதிரும் தகட்டோடு ஒரு காந்தத் தகடும் இருக்கும். கடையில் செய்வது அந்தக் காந்தத் தன்மையை அழிப்பது மட்டும்தான், பட்டை அப்படியே இருக்கிறது. பிறகு ஒரு நல்ல காந்தம் பக்கத்தில் வந்தால் அது திரும்பக் காந்தமாகி வேலை செய்யத் தொடங்கலாம். நம் ஆட்கள் காந்தத்தோடு நிறையப் பழகுகிறார்கள்: மேசைக்கடியில் துப்பாக்கியைப் பிடித்துவைக்கும் காந்தத் தட்டு, காந்தப் பொத்தான் வைத்த ஹேண்ட்பேக், காந்தம் வைத்த போன் உறை. ஆறு மாதம் சும்மா இருந்த பர்ஸ் திடீரென்று அடிக்க ஆரம்பிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். கவுண்டரில் செயலிழக்க வைத்ததோடு விடாமல் பட்டையையே பிய்த்து எறிவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

உலோகத்தால் அலாரம் அடிக்கவே அடிக்காதா என்றால், அபூர்வமாக உண்டு. சுருட்டிவைத்த நீள ஒயர், கேபிள் கட்டு போன்றவை தற்செயலாக 8.2 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒத்துப்போய் ரேடியோ வகைத் தூணை ஏமாற்றும். சில கடைகள் பெரிய உலோகப் பரப்பைக் கண்டுபிடிக்கும் கூடுதல் கருவியும் வைக்கின்றன, அதுவும் சட்டைக்குள் இருக்கும் கைத்துப்பாக்கிக்காக வைத்தது இல்லை. இதையும் உண்மையான மெட்டல் டிடெக்டரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீதிமன்ற வாசல், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை இடம், விளையாட்டரங்க வாசலில் இருப்பது நிஜ டிடெக்டர், அது துப்பாக்கியைக் காட்டிக்கொடுக்கும், அங்கெல்லாம் துப்பாக்கியோடு போவதே தப்பு.

இப்போது அலாரம் அடித்த அந்தப் பத்து நொடிக்கு வருவோம். தொழில்நுட்பத்தைவிட இது எனக்குப் பெரிய விஷயம், அதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோவில் வால்மார்ட் கடையில் ஒருவன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். 2023 மே 6 அன்று எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஆலன் அவுட்லெட் மாலில் 8 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் இந்தியாவிலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு இளம் பெண் பொறியாளரும் ஒருவர். இந்தப் பகுதியில் கடையில் நிற்கும் யாரும் அதை மறந்துவிட்டு நிற்பதில்லை. அலாரம் அடிக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் ஒருவர் சட்டையைத் தூக்கி இடுப்பைத் தடவினால் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? அவர் இடுப்பிலும் ஒன்று இருக்கலாம்.

அதனால் கை இடுப்புக்குப் போகக்கூடாது. சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டொழியுங்கள். நில்லுங்கள், திரும்புங்கள், இரண்டு கையும் வெளியே தெரியட்டும், ரசீது இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் வாசலை நெருங்கும் முன்பே சட்டைப் பையில் வைத்திருந்தால் பேன்ட் பாக்கெட்டில் கைவிடும் வேலை மிச்சம். பெரும்பாலும் ஊழியர் கையை அசைத்துப் போகச் சொல்லிவிடுவார். ஓடாதீர்கள், காதில் விழாததுபோல நடக்கவும் வேண்டாம். டெக்சாஸ் சட்டப்படி ஒருவர் திருடியதாக நியாயமாக நம்பும் கடைக்காரர் அவரை நியாயமான முறையில், நியாயமான நேரத்துக்கு நிறுத்தி விசாரிக்கலாம். அங்கே வாக்குவாதம் செய்து, தள்ளுமுள்ளு ஆகி, சட்டை விலகி உள்ளே இருப்பது தெரிந்தால் ஒரு சின்ன டேக்குக்காகப் பெரிய விலை கொடுக்கவேண்டிவரும். என்னோடு வாங்க என்றால் போங்கள், ரசீதைக் காட்டுங்கள். கடை ஊழியரிடம் உங்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசவேண்டிய தேவை எதுவும் இல்லை, "கன்" என்ற சொல்லை அந்த இடத்தில் உச்சரிக்கவே வேண்டாம்.

போலீஸ் வந்து அடையாள அட்டை கேட்டால் கதை வேறு. லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர் ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி லைசென்ஸ் அட்டையையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்பது இங்கே சட்டம். கையை அசைக்கும் முன் வாயால் சொல்லுங்கள்: என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, இப்போது உடம்பில் வைத்திருக்கிறேன், அட்டை வலது பாக்கெட்டில், எடுக்கட்டுமா. அவர் சொல்கிறபடி செய்யுங்கள், அவ்வளவுதான். 2021 செப்டம்பர் முதல் 21 வயது ஆனவர்களில் பலரும் டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, ஆனாலும் லைசென்ஸ் எடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த வகுப்பில் கற்றுக்கொள்வது இந்த மாதிரி நேரத்தில்தான் கைகொடுக்கிறது. வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற சட்டப் பிரிவு எண்ணோடு துப்பாக்கிக்குத் தடை போடும் அறிவிப்பு இருக்கிறதா என்று நுழையும் முன் பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் மறைத்து வைத்துக்கொண்டு நுழைவதைத் தடுப்பது 30.06. அது இருந்தால் அந்தக் கடை நமக்கு வேண்டாம்.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நண்பன் சொன்னான் என்று அதை நம்பி இறங்கவேண்டாம், வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

ஹேண்ட்பேக்கில் துப்பாக்கி வைக்கும் பெண்களுக்கு இந்த அலாரம் இன்னும் சிக்கல். எங்கள் நண்பர் வீட்டுப் பெண் ஒருவர் அதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை வாங்கினார், பையின் உள் லைனிங்குக்குள் டேக் தைத்திருந்தது. அலாரம் அடித்ததும் ஊழியர் பையைத் திறந்து காட்டச் சொன்னார். அந்தப் பெண் நிதானமானவர், ரசீதையும் வாங்கிய பொருளையும் மட்டும் எடுத்து நீட்டிவிட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அதோடு முடிந்தது. ஆனால் பையை யாராவது கையில் வாங்கியிருந்தால் துப்பாக்கி அந்நியர் கையில் போயிருக்கும். பையைவிட உடம்பில் ஹோல்ஸ்டரில் வைப்பதே மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பைதான் வசதி என்றால், வாங்கிய அன்றே லைனிங் முழுக்க விரலால் அழுத்திப் பாருங்கள், விறைப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

கூட வருகிறவர்களுக்கும் சொல்லி வைக்கவேண்டும். என் மனைவிக்கும் பையனுக்கும் நான் சொல்லியிருப்பது இதுதான்: அலாரம் அடித்தால் என் இடுப்பைப் பார்க்காதீர்கள், "அப்பா, அதா?" என்று கேட்காதீர்கள், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நில்லுங்கள், ஊழியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். கடைக்குக் கிளம்பும் முன் புதுச் சட்டையோ புது ஷூவோ போட்டிருந்தால் அவனே இப்போது உள்ளே கைவிட்டுப் பார்த்துவிடுகிறான்.